ஏழு நாளில் ஒன்பது ஊர்

நெதர்கோம்ப், இங்கிலாந்து,
ஜனவரி 12, ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள தம்பி நைஜலுக்கு,

இங்கே நான் நலம். நீங்கள் நால்வரும் நலம் என்று விருந்தினர் புத்தகத்தில் நீயே எழுதி வைத்துவிட்டுப் போயிருப்பதால் தனியாக விசாரிக்கவில்லை. "மறக்க முடியாத குளிர்கால விடுமுறை. ஏழு நாளில் ஒன்பது கிராமங்கள் பார்த்தோம். பிள்ளைகள் முதன்முதலாகப் பனியைக் கையில் எடுத்தார்கள். கணப்பு மட்டும் கொஞ்சம் புகைகிறது. வீட்டைச் சுத்தமாக வைத்திருந்த பெவ்வுக்கு எங்கள் நன்றி." கையெழுத்து இன்னும் கோழி கிளறினது போலத்தான் இருக்கிறது. கணப்பு புகைவது என்ன புதுச் செய்தியா, தம்பி? நாம் பிறந்ததிலிருந்து அது புகைகிறது. அந்தப் புகையில் இருமிக்கொண்டேதான் நீ வாய்ப்பாடு படித்தாய். பிறந்த வீட்டில் ஏழு நாள் வாடகைக்குத் தங்கிவிட்டு, புகைகிறது என்று புகார் எழுதிய முதல் ஆள் நீயாகத்தான் இருப்பாய்.

எனக்கென்று நீங்கள் அடுப்பு மேடையில் வைத்துவிட்டுப் போன சாக்லேட் பெட்டியும் கோலா பொம்மையும் கிடைத்தன. வீடு பெருக்க வருகிறவளுக்கு எல்லோரும் ஏதாவது வைத்துவிட்டுப் போவது வழக்கம்தான். சாக்லேட்டை எதிர்வீட்டு நாய்க்குப் போடலாம் என்று பார்த்தேன். நாய்க்கு அது ஆகாதாம். அதனால் அலமாரியில் இருக்கிறது.

நான் இருந்த தபாலகத்தை மூடிய பிறகு இந்த வேலைக்கு வந்து மூன்று வருஷமாகிறது. நெதர்கோம்பில் இருக்கிற முப்பத்தொரு வீட்டில் பத்தொன்பது இப்போது விடுமுறை வீடுகள். சனிக்கிழமை பத்து மணிக்கு ஒரு கூட்டம் கிளம்பும், நான்கு மணிக்கு அடுத்த கூட்டம் வரும். இடையில் இருக்கிற ஆறு மணி நேரத்தில் நானும் இன்னொருத்தியும் நாலு வீட்டுப் படுக்கை மாற்றி, கழிவறை தேய்த்து, விறகு அடுக்கி, வந்த சுவடு தெரியாமல் வெளியேறிவிட வேண்டும். விருந்தாளி கண்ணில் வேலைக்காரி படக்கூடாது என்பது வீடுகளை வாடகைக்கு விடுகிற நிறுவனத்தின் சட்டம். ஜனவரி பிறந்ததும் பாதித் தெருவில் விளக்கே எரியாது. தேவாலயத்து ஆறு மணிகளை அடிக்க நாலு பேர்தான் மிச்சம். புதுவருஷத்துக்கு நாலைத்தான் அடித்தார்கள். கேட்டிருப்பாய்.

வீட்டை விற்றதைப் பற்றி நான் சண்டைக்கு வரவில்லை. அம்மாவை வில்லோ முதியோர் இல்லத்தில் சேர்த்தபோது அதற்குக் கட்ட வேறு வழி கிடையாது. அதை எட்டு வருஷத்துக்கு முன்பே விழுங்கியாயிற்று. அம்மாவின் சாமான் அறை கழிவறையானதையும், அப்பாவின் கொட்டகையில் வெந்நீர்த் தொட்டி குமிழி விடுவதையும், கதவில் 'ராபின் காட்டேஜ்' என்று யாரோ பெயர் எழுதியதையும் பார்த்துப் பழகிவிட்டேன். நான் கேட்பது வேறு. வீட்டை விற்ற கையோடு அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு நீ ஒரு வார்த்தை சொன்னாயே, ஞாபகம் இருக்கிறதா? "மூணு மாசம் பொறும்மா, நானே வந்து உன்னை அடிலெய்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்." நீ விமானம் ஏறிய மறுவாரம் அவள் சந்தைக்குப் போய் நீச்சல் உடை வாங்கினாள். எழுபத்தொன்பது வயதில்! கடற்கரை ஊருக்குப் போகிறவள் அது இல்லாமல் போனால் மருமகள் என்ன நினைப்பாள் என்று கேட்டாள். விலைச் சீட்டைக்கூடக் கிழிக்காமல் அது அவள் அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிறது.

டிசம்பர் பதினாறாம் தேதி நிறுவனத்திலிருந்து பட்டியல் வந்தது. எந்த வீட்டுக்கு யார், எத்தனை படுக்கை, நாய் உண்டா இல்லையா என்று எப்போதும் வருகிற பட்டியல். ராபின் காட்டேஜுக்கு நேரே 'திருமதி கோரலி கிளிசோல்ட், அடிலெய்ட், பெரியவர் இருவர், சிறியவர் இருவர், நாய் இல்லை' என்று உன் மனைவியின் பெயரில் இருந்தது. நான் மாடிப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்று நம்மைத் திகைக்க வைக்கப் போகிறான் என்று நினைத்தேன் பார், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். ஐம்பத்தொன்பது வயதாகிறது, இன்னும் அது வளரவில்லை.

அன்று மத்தியானமே பஸ் பிடித்துப் போய் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அது நான் செய்த தப்பு. அந்தத் தப்பை நான் யார் தலையிலும் போடவில்லை.

அம்மாவுக்கு எண்பத்தேழு முடிந்துவிட்டது. புத்தி இன்னும் கத்தி மாதிரி இருக்கிறது, நெஞ்சுதான் தளர்ந்துபோயிற்று. சாப்பிட்டதும் தூங்கிவிடுகிறாள். கணுக்கால் வீங்கிக் கிடக்கிறது. செய்தியைக் கேட்டதும் அவள் அழவில்லை, சிரிக்கவில்லை. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "நாலு பேரா வர்றாங்க? என் ரூம்ல ரெண்டு நாற்காலிதானே கெடக்கு, மத்தவங்க எங்க உக்காருவாங்க?" என்றாள். சாப்பாட்டுக் கூடத்திலிருந்து இரண்டு நாற்காலி கொண்டுவந்து போட்ட பிறகுதான் அடங்கினாள். இல்லத்துக்கு வருகிற முடி திருத்தும் பெண்ணிடம் சொல்லிவைத்துத் தலையைச் சுருட்டிக்கொண்டாள். நீ விமானம் ஏறிப் போன வருஷம் அவள் பின்னிய நீலக் கம்பளிச் சட்டையை எடுத்து வைக்கச் சொன்னாள். தாழ்வாரத்தில் எதிர்ப்பட்ட ஒருவர் விடாமல் என் பையன் வருகிறான், என் பையன் வருகிறான் என்று சொல்லித் தீர்த்துவிட்டாள்.

நீங்கள் வந்த சனிக்கிழமை மற்ற மூன்று வீட்டையும் கூட வேலை செய்கிறவளிடம் விட்டுவிட்டு நான் நம் வீட்டை மட்டும் எடுத்துக்கொண்டேன். படுக்கை விரிப்பை இரண்டு முறை இஸ்திரி போட்டேன். வரவேற்புக் கூடையில் நிறுவனம் கொடுக்கிற பிஸ்கட்டோடு, முதல் நாள் அம்மாவின் தகரத் தட்டில் சுட்ட நம் ஊர் லார்டி கேக்கையும் தட்டோடு வைத்தேன். பன்றிக்கொழுப்பைத் தடவி மடித்து, சர்க்கரை தூவி மடித்து, திராட்சை போட்டு மடித்து எனக்கு மணிக்கட்டே கழன்றுவிட்டது. உணவு விடுதி, நடைபாதை, மருத்துவமனை விவரமெல்லாம் இருக்கிற கோப்பின் முதல் பக்கத்தில் ஒரு தாள் செருகினேன். "அம்மா வில்லோ இல்லத்தில், ஆறாம் அறை. பார்வை நேரம் இரண்டு முதல் நான்கு. பெவ்." அதற்கு மேல் எழுத எனக்கு வரவில்லை.

ஞாயிறு போயிற்று. திங்கள் போயிற்று. பயண அலுப்பாக இருக்கும், பிள்ளைகளுக்கு நேரம் மாறிப் படுத்தும் என்று நானே உனக்காகச் சாக்குச் சொன்னேன். அம்மாவும் அதையேதான் சொன்னாள். இரண்டு மணிக்கு நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்காருவாள். நான்கு மணிக்குக் கழற்றி மடித்துக் கொடுப்பாள், கசங்கிவிடக் கூடாதாம்.

செவ்வாய்க்கிழமை நடந்தது உனக்குத் தெரியும். ஆனால் உன் பக்கத்திலிருந்து மட்டும்தான் தெரியும், அதனால் எழுதுகிறேன். தெரு உறைந்து கிடந்தது. நான் சந்துமுனையில் உப்புத் தூவிக்கொண்டிருந்தேன். நீங்கள் வாடகைக்கு எடுத்த வெள்ளிநிறக் கார் வந்து என் பக்கத்தில் நின்றது. கோரலி கண்ணாடியை இறக்கி, பைபரிக்குப் போகிற மேட்டுப் பாதை திறந்திருக்கிறதா என்று கேட்டாள். நல்ல முகம் அவளுக்கு. என்னை அவள் பார்த்ததேயில்லை, பாவம், அவளை ஒன்றும் சொல்வதற்கில்லை. நீ ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தாய். குல்லாய், கம்பளி, உப்பு வாளி, முப்பது பவுண்டு கூடிய உடம்பு என்று என்ன மாறினாலும் கூடப்பிறந்தவளை ஆறடி தூரத்தில் தெரியாமல் போகுமா? உன் காது சிவந்துவிட்டது. சின்ன வயதில் ஜாடியை உடைத்துவிட்டு நின்றபோது சிவந்த அதே காது. கீழ்ப்பாதையில் ஆற்று வெள்ளம், மேட்டுப் பாதையிலேயே போங்கள் என்று கோரலிக்கு வழி சொன்னேன். பின்னாலிருந்த பெண் குழந்தைக்கு அம்மாவின் மோவாய் அப்படியே இருக்கிறது. அவள் என்னைப் பார்த்துக் கையசைத்துவிட்டு உன் தோளைத் தட்டினாள்.

"அப்பா, இவங்க யாரு? உனக்குத் தெரிஞ்சவங்களா?"

"ஊர்க்காரங்கடா."

கண்ணாடி ஏறிவிட்டது. கார் போய்விட்டது. மிச்ச உப்பையும் தூவி முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன், யாரும் வழுக்கி விழுந்துவிடக் கூடாதே. நைஜல், நீ என்னை அடித்திருக்கலாம். வீட்டுப் பணத்தில் எனக்குப் பங்கில்லை என்று சொல்லியிருக்கலாம். பொறுத்துக்கொண்டிருப்பேன். ஊர்க்காரங்க! உனக்குச் சோறு ஊட்டிவிட்டவள் நான்.

இப்போது என் பங்கையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் இந்தக் கடிதம் பாதிப் பொய்யாகிவிடும். புதுவருஷத்தன்று மாலை நான் நம் வீட்டு வாசல் கேட்டருகே வந்து நின்றேன். கையில் புட்டிங் கிண்ணம். உள்ளே விளக்கு எரிகிறது, பிள்ளைகள் கத்துகிறார்கள், நீ கணப்பை விசிறுகிறாய், எல்லாம் தெரிகிறது. கதவுக்கும் எனக்கும் பன்னிரண்டு தப்படி. கால் மணி நேரம் நின்றேன். விருந்தாளியைத் தொந்தரவு செய்தால் வேலை போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பிவிட்டேன். அது வேலைக்குப் பயந்தது இல்லை. வீம்பு. கூப்பிடாத வீட்டுக் கதவை நாம் தட்டியதில்லை. அம்மாவும் தட்டியதில்லை, அப்பாவும் தட்டியதில்லை. இந்த ஊரில் சாகிறவன்கூட, இடைஞ்சலுக்கு மன்னிக்கணும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் சாவான். நான் தட்டியிருந்தால் உன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பேன். தட்டவில்லை. புட்டிங்கை நானே தின்றேன்.

வியாழக்கிழமை நீ எங்கே இருந்தாய் என்று எனக்குத் தெரியும். கோரலியையும் பிள்ளைகளையும் எந்தக் கடையில் இறக்கிவிட்டு வந்தாயோ, மூன்று மணிக்கு வில்லோ இல்லத்துக் கார் நிறுத்துமிடத்தில் இருந்தாய். அம்மாவைப் பார்த்துக்கொள்கிற மாரிசெல் பிலிப்பைன்ஸ்காரி. தன் அம்மாவைத் தினமும் போனில் பார்த்துப் பேசிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறவள். அவள்தான் சொன்னாள். வெள்ளிநிறக் கார், உள்ளே ஒரே ஆள், இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்ததாம். நாற்பது நிமிஷம். மழை வந்ததும் ஆள் இறங்கத் தயங்குகிறார் போலிருக்கிறது என்று இவள் குடையை எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறாள். இவளைப் பார்த்ததும் காரைப் பின்னால் எடுத்துத் திருப்பிக்கொண்டு போய்விட்டாய். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அம்மா நீலச் சட்டையில் உட்கார்ந்திருந்தாள். அவள் நாற்காலி அறை வாசலைப் பார்த்துப் போட்டிருந்தது, ஜன்னலைப் பார்த்தல்ல. இல்லாவிட்டால் உன்னைப் பார்த்திருப்பாள்.

இதைக் கேட்ட அன்று உன்னைச் சபித்தேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். வாசல் வரை வந்தவனுக்குப் படியேற என்ன கேடு என்று மாரிசெல்லிடம் கத்தினேன். அவள், "வெக்கமா இருந்திருக்கும் மேடம்" என்றாள். வெட்கம் இருக்கும்தான். மூன்று மாசம் என்று சொல்லி எட்டு வருஷம் ஆக்கியவனுக்கு வெட்கம் இல்லாமல் இருக்குமா? அந்த வெட்கத்தை நான் என்ன செய்ய? அவள் என்ன செய்ய? மறுநாள் வெள்ளிக்கிழமை நீங்கள் இன்னும் இரண்டு ஊர் பார்த்தீர்கள். உணவு விடுதியில் கோரலி எல்லோருக்கும் போட்டோ காட்டினாளாம். பாலத்தில் ஒன்று, வாத்துக் குளத்தில் ஒன்று, பனி மூடிய கல்லறைத் தோட்டத்தில் ஒன்று. அந்தக் கல்லறைத் தோட்டத்தில்தான் அப்பா இருக்கிறார் என்று அவளுக்குச் சொன்னாயா?

சனிக்கிழமை பத்து மணிக்கு நீங்கள் கிளம்பியதும் உள்ளே போனேன். கேக்கில் ஒரு துணுக்குகூட மிச்சமில்லை, தகரத் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாய். கோப்பில் என் தாளைக் காணவில்லை, குப்பையிலும் இல்லை. எடுத்துப் போயிருக்கிறாய். அதை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறாய் என்று யோசித்துக்கொண்டே கழிவறையைத் தேய்த்தேன்.

மத்தியானம் அம்மாவிடம் போனேன். நாற்காலி நான்கும் அப்படியே இருந்தன. அவள் சட்டையைப் போட்டுக்கொள்ளவில்லை. கட்டிலில் சாய்ந்திருந்தாள்.

"கிளம்பிட்டானா?" என்றாள்.

என் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று சத்தியமாகத் தெரியவில்லை. "நேத்தி நீ தூங்கிட்டிருந்தப்ப வந்தான்மா. எழுப்ப வேண்டாம்னுட்டான்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு, "அவன் எப்பவும் அப்படித்தான், தூங்கறவங்களை எழுப்ப மாட்டான்" என்றாள். கொஞ்சம் கழித்து, "தலையில முடி இருக்கா?" என்று கேட்டாள். முன்பக்கம் போய்விட்டது, பின்னால் இருக்கிறது என்றேன். அவங்க அப்பா மாதிரிதான் என்று சொல்லிவிட்டு டீ கேட்டாள். மூன்று நாளாக அவள் சரியாகச் சாப்பிட்டிருக்கவில்லை. அன்று ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டாள்.

அன்றிலிருந்து தினமும் கேட்கிறாள், நானும் சொல்கிறேன். நீ கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாய். அவள் கையை எடுத்து உன் கன்னத்தில் வைத்துக்கொண்டாய். பெண் குழந்தை அவள் சீப்பை எடுத்துப் பார்த்தது. பையன் வாசலிலேயே நின்று கூச்சப்பட்டான். மாரிசெல்லும் சேர்ந்துகொண்டு, நீ அழுததாக ஒன்றைச் சேர்த்துவிட்டாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. தாழ்வாரத்தில் எல்லோரும் அம்மாவிடம் உங்க பையன் வந்தானாமே என்று கேட்கிறார்கள், அவளும் ஆமாம் என்று தலையாட்டுகிறாள். நம்பிவிட்டாளா, எனக்காக நம்பினது போல் இருக்கிறாளா, தெரியவில்லை. அவள் புத்தியை நான் அறிவேன். பெற்ற மனம் பித்து என்பார்கள். பழமொழியின் மற்ற பாதியை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒன்றே ஒன்றுக்குத்தான் என்னிடம் பதில் இல்லை. "போகும்போது என்ன சொன்னான்?" என்று கேட்கிறாள். நான் ஜன்னலைச் சாத்துகிறேன், தலையணையைத் தட்டுகிறேன், டீ ஆறிவிட்டது என்கிறேன். மறுநாள் மறுபடி கேட்கிறாள். முத்தம், கண்ணீர் எல்லாம் சொல்லிவிட்டேன். உன் வாய்ச் சொல்லை மட்டும் என்னால் இட்டுக்கட்ட முடியவில்லை.

முந்தாநாள் வெள்ளிக்கிழமை டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். நுரையீரலில் நீர் கோத்துக்கொள்கிறதாம். மருந்து கொடுத்தால் வடிகிறது, மறுபடி கோக்கிறது. ஈஸ்டர் வரை தாங்குவாள் என்று சொல்ல முடியாது என்றார். மருத்துவமனைக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டதற்கு, அம்மாவே வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். ஏனென்று மாரிசெல் கேட்டிருக்கிறாள். அறை மாறினால் வருகிறவர்களுக்குத் தேட வேண்டியிருக்கும் என்று சொல்லியிருக்கிறாள்.

அதனால் கேட்கிறேன், வா. வேலை, விடுமுறை, விமானம் எதையும் எனக்கு எழுதாதே, நான் படிக்க மாட்டேன். தனியாக வந்தாலும் சரி, எல்லோரையும் கூட்டி வந்தாலும் சரி. வாடகை வீடு எடுக்காதே, என் வீட்டில் ஒரு அறை இருக்கிறது, சின்னதுதான், சுவரில் ஈரம் இருக்கிறது, பொறுத்துக்கொள். இல்லத்துக்குள் நுழைந்ததும் இத்தனை வருஷம் கழித்து வருகிறேன் என்று ஆரம்பித்துவிடாதே. மறுபடியும் வந்துவிட்டேன் என்று சொல். போன தடவை நீ தூங்கிக்கொண்டிருந்தாய் என்று சொல். நான் சொன்ன பொய்யில் பாதியை நீயும் தூக்கு, எனக்குக் கனக்கிறது.

வரவே முடியாது என்றால் அவளுக்கு ஒரு கடிதமாவது போடு. நாலு வரி போதும். போகும்போது என்ன சொன்னாய் என்று அதில் எழுது. நான் வாசித்துக் காட்டுகிறேன். உன் கையெழுத்தை என்னால் அப்படியே போட முடியும். ஆறாம் வகுப்பில் நீ பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டபோதெல்லாம் அம்மா எழுதினது போலவே கடிதம் எழுதிக் கொடுத்தவள் நான்தானே. மாசக் கடைசி வரை பார்ப்பேன். என்னை எழுத வைத்துவிடாதே, நைஜல்.

கோரலிக்கு என் அன்பு. அவள் கேட்டால் நான் யார் என்று சொல். குழந்தைகள் இருவரும் நீண்ட ஆயுளோடு நன்றாக இருக்கட்டும். உனக்கு வயதாகும் காலத்தில் எந்த ஊரில் நீ கிடந்தாலும், இரண்டு மணிக்கு வந்து நான்கு மணி வரை உன் பக்கத்தில் உட்காருகிற பிள்ளைகளாக அவர்கள் வளரட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா,
பெவர்லி